ஆகஸ்டில் யூட்டா, அரிசோனா சாலைப் பயணம்: குடும்பத்துடன் ஸ்லாட் கேன்யனுக்குள் இறங்கலாமா?

மருதநிலவன்:

அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் லாஸ் வேகஸில் வாடகைக் கார் எடுத்து, ஸயான், பிரைஸ் கேன்யன் ஆகிய தேசியப் பூங்காக்களைப் பார்த்துவிட்டு, பேஜ் நகர் வழியாகக் கிராண்ட் கேன்யனின் தென்விளிம்புக்குச் சென்று திரும்புவதாகத் திட்டம். என் மனைவியும் பத்து வயது மகளும், மதுரையிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருக்கும் அப்பா அம்மாவும் உடன் வருகிறார்கள். அப்பாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. சமதரையில் நன்றாக நடப்பார், ஆனால் முழங்கால் வலியால் ஏணிகளில் ஏறி இறங்க இயலாது.

இருபுறமும் பாறை உயர்ந்து நிற்க, இரண்டு கைகளையும் விரித்தால் சுவரைத் தொடும் அளவுக்குக் குறுகிய, ஸ்லாட் கேன்யன் எனப்படும் அந்த இடுக்குப் பள்ளத்தாக்குகளுள் ஒன்றையாவது மகளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் பெருவிருப்பம். பேஜ் நகருக்கு அருகிலுள்ள ஆன்டிலோப் கேன்யனுக்கு ஆகும் செலவைப் பார்த்தபோது, கட்டணம் ஏதுமின்றியோ குறைந்த கட்டணத்திலோ நாமே நடந்து செல்லக்கூடிய பக்ஸ்கின் கல்ச், ஸ்பூக்கி போன்ற ஸ்லாட் கேன்யன்களுக்குப் போகலாமே என்றும் தோன்றுகிறது. சென்று வந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

செம்பாறை:

மருதநிலவன் அவர்களுக்கு, உங்கள் திட்டத்தில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் மாதம். அமெரிக்கத் தென்மேற்கில் ஜூன் நடுப்பகுதி முதல் செப்டம்பர் முடிய பருவமழைக் காலம். மெக்சிகோப் பக்கமிருந்து ஈரக்காற்று ஏறிவரும் அந்த நாள்களில், காலையில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லாத வானம் பிற்பகலுக்குள் கறுத்து, ஏதோ ஒரு மேட்டின்மீது அரை மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டுக் கலைந்துபோகும். இந்த மழை பரவலாகப் பெய்வதில்லை என்பதால், நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு துளிகூட விழாமல் போகலாம்.

ஆகவே ஆகஸ்ட் இறுதியில், வழிகாட்டி இல்லாமல், குழந்தையுடன் பக்ஸ்கின் கல்ச்சுக்குள் இறங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ஏறத்தாழ பதின்மூன்று மைல் நீளமுள்ள அந்த இடுக்கில், உள்ளே சென்றபின் மேலேறித் தப்புவதற்கான இடங்கள் மிகமிகக் குறைவு. யூட்டாவின் எஸ்கலாண்ட்டே பகுதியில் உள்ள ஸ்பூக்கி, பீக்கபூ ஆகியவை நீளத்தில் சிறியவை. ஆனால் ஸ்பூக்கியில் சில இடங்களில் சுவர்களுக்கிடையே ஓரடிதான் இருக்கும். பக்கவாட்டில் திரும்பி, பையைக் கையில் பிடித்துக்கொண்டு, மார்பையும் முதுகையும் பாறை உரச நகர்ந்துதான் கடக்க முடியும். அப்படியான இடத்தில் யாரையும் அவசரப்படுத்தி வெளியேற்ற இயலாது.

ஸயானில் உங்கள் குடும்பத்துக்கு மிகப் பொருத்தமான இடம் ஒன்று உண்டு. பூங்காவின் பேருந்து கடைசியாக நிற்கும் சினவாவா கோயில் என்னும் இடத்திலிருந்து வர்ஜின் ஆற்றங்கரையோரமாக ஒரு மைல் தூரம் தளமிட்ட பாதை செல்கிறது. அப்பா அம்மா அதில் நிதானமாக நடக்கலாம். பாதை முடியும் இடத்தில்தான் நேரோஸ் எனப்படும் குறுகிய பகுதி தொடங்குகிறது. அங்கிருந்து ஆற்றுக்குள்ளேயேதான் நடக்க வேண்டும். நீரோட்டம் நொடிக்கு 150 கன அடியைத் தாண்டினாலோ, திடீர் வெள்ள எச்சரிக்கை வந்தாலோ பூங்கா அதை மூடிவிடும். திறந்திருந்து முன்னறிவிப்பும் நன்றாக இருந்தால், காலையிலேயே நீங்களும் மகளும் சிறிது தூரம் நீரில் நடந்துவிட்டு நண்பகலுக்குள் திரும்பிவிடலாம்.

வடகரையான்:

செம்பாறை அவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இந்த இழையைப் படிக்கும் புதியவர்கள் தேவைக்கு அதிகமாக அஞ்சிவிடுவார்களோ என்று கருதுகிறேன். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பல்லாயிரம் பேர் இந்தக் கேன்யன்களுக்குள் சென்று நலமாகத் திரும்புகிறார்கள். பள்ளி விடுமுறையை விட்டால் குடும்பத்துடன் போக வேறு வாய்ப்பு நம்மில் பலருக்கு இல்லை. வானம் தெளிவாக இருக்கும் நாளாகப் பார்த்து, விடியற்காலையில் இறங்கி, பத்து மணிக்குள் மேலேறிவிட்டால் என்ன தவறு? கோடையில் ஸயானின் அடிவாரத்தில் வெப்பநிலை நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது சாதாரணம். என்னைக் கேட்டால் வெள்ளத்தைவிட வெயிலையும் தண்ணீர்ப் பற்றாக்குறையையும் பற்றித்தான் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும்.

பாறைவாசகி:

வெயிலைப் பற்றி வடகரையான் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் ‘வானம் தெளிவாக இருக்கும் நாள்’ என்பதை அளவுகோலாகக் கொள்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்த இடுக்குகள் எப்படி உண்டாயின என்பதைப் புரிந்துகொண்டால் காரணம் தானே விளங்கும்.

ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இங்கு மாபெரும் மணல்மேட்டுப் பாலைவனம் ஒன்று பரந்து கிடந்தது. அம்மணல் புதைந்து இறுகியதே நவாஹோ மணற்கல். காற்று அன்று அடுக்கிய மணல் வரிகள் இன்றும் சுவர்களில் சாய்கோடுகளாகத் தெரிகின்றன. மணல் துகள்களுக்கிடையே படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்பு. இப்பகுதி அமைந்திருக்கும் கொலராடோ பீடபூமி மேலெழுந்தபோது பாறையில் விரிசல்கள் உண்டாயின. அவ்வப்போது பாயும் திடீர் வெள்ளம் அந்த விரிசல்களுக்குள் புகுந்து, தான் சுமந்துவரும் மணலையும் சரளையையும் கொண்டு பாறையை அரத்தால் ராவுவது போல ராவிக்கொண்டே போகிறது. மழை மிகுந்த நாடாக இருந்தால் சுவர்கள் சரிந்து பள்ளத்தாக்கு அகன்றுவிடும். வறண்ட நாட்டில் எப்போதாவது, ஆனால் பெருவிசையுடன் வரும் நீர், அகலத்தைவிட ஆழத்தையே அதிகமாக வெட்டுகிறது. நாம் சென்று வியக்கும் வளைவுகள் ஒவ்வொன்றும் வெள்ளம் வந்துபோன தடம். அந்த வெள்ளம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்த நீர் வருவது தலைக்குமேல் தெரியும் வானத்திலிருந்து அன்று. மேலே பல மைல்கள் விரிந்து கிடக்கும் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் வெற்றுப் பாறையும் மெல்லிய மண்ணும்தான். மழையை உறிஞ்சி வைத்துக்கொள்ளக் காடோ ஆழ்ந்த மண்ணோ இல்லை. விழுந்த நீர் எல்லாம் ஒரே வாய்க்காலில் சேர்ந்து, சில அடி அகலமுள்ள இடுக்குக்குள் நுழையும்போது, பரவ இடமின்றி உயரமாக எழுகிறது. மேல்மலையில் பெய்த மழைக்காக, வெயிலடிக்கும்போதே குற்றாலத்தில் குளிக்கத் தடை விதிப்பதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புதிதாக இராது.

1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டிலோப் கேன்யனில் நடந்தது இதுதான். கேன்யன் இருக்கும் இடத்தில் பெரிய மழை இல்லை. மேல்புறம் பல மைல் தொலைவில் பெய்த இடிமழையின் வெள்ளம் வந்து, உள்ளே இருந்தவர்களில் 11 சுற்றுலாப் பயணிகளை அடித்துக்கொண்டு போனது. வழிகாட்டி ஒருவர் மட்டும் உயிர் தப்பினார். எனவே பார்க்க வேண்டியது வானத்தை அல்ல, நீர்ப்பிடிப்புப் பகுதிக்கான முன்னறிவிப்பை. தேசிய வானிலைச் சேவை இப்பகுதிக் கேன்யன்களுக்கு நாள்தோறும் வெள்ள வாய்ப்பை நான்கு படிகளில் வெளியிடுகிறது: எதிர்பார்க்கப்படவில்லை, வரக்கூடும், வரும் வாய்ப்பு மிகுதி, எதிர்பார்க்கப்படுகிறது. முதல் படியில் இல்லாத எந்த நாளிலும் குழந்தையுடன் இடுக்குக்குள் செல்லக் கூடாது என்பதே என் கருத்து.

வடகரையான்:

விளக்கத்துக்கு நன்றி. நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும், பூங்கா அலுவலகமே அனுமதிச் சீட்டு வழங்கும் நாளில், அல்லது ஆன்டிலோப்பில் வழிகாட்டிகளே அழைத்துச் செல்லும் நாளில் செல்வதில் தவறில்லை அல்லவா? ஆபத்து இருந்தால் அவர்கள்தாம் முதலில் மூடுவார்கள்.

செம்பாறை:

இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 1997க்குப் பிறகு கீழ் ஆன்டிலோப்பில் பாறையில் பிணைத்த உலோகப் படிக்கட்டுகள் வந்தன. எச்சரிக்கை ஒலிப்பானும் வழிகாட்டிகளின் கையில் வானிலை வானொலியும் வந்தன. அங்கே மேல்நிலத்தைக் கவனித்துக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள். மழை அறிகுறி தெரிந்தால் அன்றைய சுற்றுகளை நிறுத்திவிடுகிறார்கள். ஆகஸ்டில் நீங்கள் பார்க்கத்தக்க ஸ்லாட் கேன்யன் ஆன்டிலோப் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

பூங்காவின் அனுமதிச் சீட்டு வேறு. அது எத்தனை பேர் உள்ளே செல்லலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடே தவிர, அன்றைக்கு வெள்ளம் வராது என்பதற்கான உறுதிமொழி அன்று. 2015 செப்டம்பர் 14 அன்று ஸயானின் கீஹோல் கேன்யனில் இறங்கிய ஏழு பேரும் முறைப்படி சீட்டு வாங்கியவர்கள். வெள்ள வாய்ப்பு மிகுதி என்ற அறிவிப்பும் அவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது. கீஹோல் நீளமான கேன்யன்கூட அன்று. சில மணி நேரத்தில் முடித்துவிடக்கூடியது. பிற்பகலில் வந்த வெள்ளத்தில் எழுவரும் மாண்டனர். அன்று பூங்காவை ஒட்டிய ஸ்பிரிங்டேல் ஊருக்கு அருகே வர்ஜின் ஆற்றின் ஓட்டம் 15 நிமிடங்களில் நொடிக்கு 55 கன அடியிலிருந்து 2,630 கன அடியாக உயர்ந்தது என்று பூங்கா அறிவித்தது. அதே நாளில், அதே மழை மண்டலத்தால், தெற்கே ஹில்டேல் என்னும் சிற்றூரில் இரண்டு வண்டிகள் அடித்துச் செல்லப்பட்டுப் பெண்களும் குழந்தைகளுமாகப் பதின்மூன்று பேர் இறந்தனர். அவர்கள் கேன்யனுக்குள் இறங்கியவர்கள் அல்லர். ஊர்ச் சாலையில் சென்றவர்கள்.

வடகரையான் அவர்களே, பல்லாயிரம் பேர் நலமாகத் திரும்புகிறார்கள் என்பது உண்மை. ஆனால் திரும்பிய ஒவ்வொருவரும் சரியாக முடிவெடுத்தார்கள் என்பதற்கு அது சான்றாகாது. அன்றைக்கு மேலே மழை பெய்யவில்லை என்பதற்கு மட்டுமே அது சான்று.

நெடுவழி:

வண்டியைப் பற்றியும் சில சொற்கள் சொல்ல வேண்டும். நீங்கள் குறிப்பிட்ட இலவசக் கேன்யன்கள் அனைத்தும் மண்சாலையின் முடிவில் இருக்கின்றன. ஸ்பூக்கிக்குச் செல்ல எஸ்கலாண்ட்டே ஊருக்கு அருகே நெடுஞ்சாலை 12ஐ விட்டு விலகி, ஹோல் இன் தி ராக் சாலையில் இருபத்தாறு மைல் போக வேண்டும். 1879-80 ஆண்டுகளில் மோர்மன் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் மாட்டுவண்டிகளுடன் சென்ற வழி அது. இன்றும் அலை அலையாக வரிவிழுந்து, வண்டியையும் எலும்பையும் குலுக்கும். பக்ஸ்கின்னுக்குச் செல்லும் ஹவுஸ் ராக் வேலி சாலை உலர்ந்திருக்கும்போது சாதாரணக் காருக்கும் இடம்கொடுக்கும். மழை பெய்தால் களிமண் சக்கரங்களில் ஒட்டிக்கொண்டு நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியையும் நிறுத்திவிடும். பெரும்பாலான வாடகைக் கார் ஒப்பந்தங்கள் தளமிடாத சாலையில் ஓட்டுவதைத் தடை செய்கின்றன. அங்கே சிக்கினால் இழுவை வண்டிக்கு ஆகும் தொகை முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் போகும். கைப்பேசித் தொடர்பும் இராது. வரைபடச் செயலி குறுக்குவழி என்று காட்டும் மண்சாலைகளை நம்பித் திரும்பிவிடாதீர்கள்.

பக்ஸ்கின்னைப் பற்றி இன்னொன்று. வயர் பாஸ் என்னும் சிறு கேன்யன் வழியாக வசந்த காலத்தில் நான் அதற்குள் சென்றேன். ஓடையின் வறண்ட மணலில் சிறிது தூரம் நடந்ததும் சுவர்கள் நெருங்கின. ஆள் உயரத்துக்குமேல் ஒரு இறக்கத்தில் உட்கார்ந்து சறுக்கி இறங்க வேண்டியிருந்தது. இரண்டு கேன்யன்களும் கூடும் இடத்தில் பழங்குடியினர் கொத்திய காட்டு ஆடுகளின் உருவங்கள் பாறையில் வரிசையாக இருக்கின்றன. பக்ஸ்கின்னுக்குள் திரும்பியபின் அண்ணாந்து பார்த்தால், எட்டாத உயரத்தில் இருபுறச் சுவர்களுக்கும் குறுக்கே முழு மரத்தடி ஒன்று செருகிக் கிடந்தது. பட்டை உரிந்து வெளுத்திருந்த அதன் வேர்ப்பக்கத்தில் உலர்ந்த புல்லும் சேறும் அப்பியிருந்தன. யாரும் அதை அங்கே தூக்கி வைத்திருக்க முடியாது. நீர் அந்த உயரத்துக்கு ஏறி, வடிந்தபோது விட்டுச்சென்றது. அதற்குக் கீழே நின்றுகொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களில், பாறைவாசகி இங்கே எழுதியிருப்பது அனைத்தும் எனக்கு விளங்கிவிட்டது. வெயில் நாளாக இருந்தும், உள்ளே இடுப்பளவுக்குக் குளிர்ந்த சேற்றுநீர் தேங்கிக் கிடந்தது. மிக அழகான இடம். வசந்தத்திலோ இலையுதிர் காலத்திலோ, பெரியவர்களாகச் சென்று, முழு நாளையும் கொடுத்துப் பார்க்க வேண்டிய இடம்.

எங்கே சென்றாலும், எந்தக் கேன்யன், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை ஊரில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். 2003இல் புளூஜான் கேன்யனில் உருண்ட பாறைக்கும் சுவருக்குமிடையே கை சிக்கிய ஏரன் ரால்ஸ்டன், ஐந்து நாள்களுக்கும் மேலாக அங்கேயே கிடந்து, இறுதியில் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியேற நேர்ந்தது. அவர் எங்கே சென்றார் என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மணல்வரி:

ஆன்டிலோப்பின் கட்டணத்தைப் பற்றி மருதநிலவன் வருந்தியிருந்ததால் எழுதுகிறேன். அது தேசியப் பூங்கா அன்று. நவாஹோ என்னும் அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலம். எனவே தேசியப் பூங்காக்களின் ஆண்டுச் சீட்டு அங்கே செல்லாது. நவாஹோ வழிகாட்டி இல்லாமல் எவரும் உள்ளே நுழைய முடியாது. நாம் கொடுக்கும் பணத்தின் ஒரு பகுதி நவாஹோ பூங்காத் துறைக்கும், எஞ்சியது வழிகாட்டிகளின் குடும்பங்களுக்கும் போகிறது. தலைமுறைகளாக அந்த மண்ணில் ஆடு மேய்த்தவர்கள் தங்கள் இடத்தைத் தாங்களே காட்டி வாழ்கிறார்கள். அந்தப் பணத்தை நான் மனநிறைவுடன் கொடுப்பேன்.

மேல் ஆன்டிலோப், கீழ் ஆன்டிலோப் இரண்டும் தனித்தனி. மேல் கேன்யன் அடியில் அகன்று உச்சியில் குறுகியது. தரை சமமான மணல். கீழ் கேன்யன் அதற்கு நேர்மாறாக, உச்சியில் அகன்று அடியில் குறுகியது. செங்குத்தான இரும்புப் படிகளில் பலமுறை ஏறி இறங்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு மேல் கேன்யன்தான் பொருந்தும். ஆனால் வெளியேறும் பாதையில் படிகளும் சரிவும் உண்டு என்பதால், முன்பதிவு செய்யும்போதே அவருடைய முழங்காலைப் பற்றிச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். உச்சியிலிருந்து நேராக இறங்கும் ஒளிக்கற்றையைக் கோடையில் நண்பகலை ஒட்டிய நேரத்தில்தான் காண முடியும். அந்நேரத்துச் சுற்றுகள் விலை கூடியவை, கூட்டமும் மிகுதி. ஒளிக்கற்றை விழாத நேரத்திலும், மேல் சுவரில் பட்ட வெயில் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குத் தாவித் தாவி இறங்கி, உச்சியில் மஞ்சளாகவும் நடுவில் செம்மஞ்சளாகவும் அடியில் ஊதாவாகவும் மாறுவதைப் பார்க்கலாம். எனக்கு ஒளிக்கற்றையைவிட அதுவே பிடித்தது. பைகளுக்கும் கேமரா முக்காலிகளுக்கும் அனுமதி இல்லை.

பேஜ் நகரில் நேரமிருந்தால் கிளென் கேன்யன் அணையையும் பாருங்கள். 1963இல் அதன் மதகுகள் மூடப்பட்டபின் எழுந்த பவல் ஏரி, இத்தகைய பக்கக் கேன்யன்கள் எத்தனையோ பலவற்றை மூழ்கடித்தது. 2000க்குப் பிறகு நீடித்த வறட்சியில் ஏரி வற்றிக்கொண்டே வந்து, 2023 தொடக்கத்தில் மிகத் தாழ்ந்த மட்டத்தை எட்டியபோது, மூழ்கிக் கிடந்த சுவர்கள் கனிமம் படிந்த வெள்ளைப் பட்டையுடன் மீண்டும் வெளிவந்தன. ஆன்டிலோப் கேன்யனும் கடைசியில் இந்த ஏரியில்தான் போய்ச் சேர்கிறது.

மருதநிலவன்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மனைவியுடன் அமர்ந்து திட்டத்தை மாற்றிவிட்டோம். பக்ஸ்கின்னும் ஸ்பூக்கியும் இம்முறை இல்லை. ஸயானில் ஆற்றங்கரைப் பாதை. அன்றைய வெள்ள வாய்ப்பு முதல் படியில் இருந்தால் மட்டும் நானும் மகளும் சிறிது தூரம் ஆற்றில் நடப்போம். பேஜ் நகரில் மேல் ஆன்டிலோப்புக்குக் காலை நேரச் சுற்றைப் பதிவு செய்யப் போகிறேன். அன்று காலை பிரைஸிலிருந்து புறப்பட்டு நேராக அங்கே செல்வதாக எண்ணம். வெள்ள அச்சமின்றி மகளுக்கு இடுக்கில் நடக்கும் அனுபவம் தரக்கூடிய இடம் பிரைஸில் ஏதேனும் இருக்கிறதா? அப்பா அம்மாவுக்கான நுழைவுக் கட்டணம் பற்றியும் யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாறைவாசகி:

இருக்கிறது. பிரைஸில் நவாஹோ லூப் பாதையின் ஒரு கிளைக்கு வால் ஸ்ட்ரீட் என்று பெயர். உயர்ந்த செஞ்சுவர்களுக்கிடையே, வெளிச்சத்தைத் தேடி நெடிதுயர்ந்த டக்ளஸ் ஃபர் மரங்கள் நிற்கும் இடுக்கு வழியாகப் பாதை வளைந்து வளைந்து இறங்கும். பிரைஸைச் செதுக்கியதில் பெரும்பங்கு விரிசல்களில் நீர் உறைந்தும் உருகியும் பாறையைப் பிளப்பதற்கே உரியது. தொலைவிலிருந்து வரும் வெள்ளம் அங்கே கவலை இல்லை. கல் விழும் அபாயத்தால் சில வேளைகளில் மூடியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். விளிம்பு எட்டாயிரம் அடிக்குமேல் உயரத்தில் இருப்பதால் அப்பா அம்மாவுக்கு மூச்சு வாங்கும். அவர்கள் மேலேயே அமர்ந்து பார்க்கட்டும். இடி முழங்கினால் மட்டும் உடனே விளிம்பை விட்டு வண்டிக்குள் வந்துவிட வேண்டும்.

கட்டணத்தில் 2026 ஜனவரி முதல் மாற்றம் வந்திருக்கிறது. ஆண்டுச் சீட்டு அமெரிக்காவில் வசிப்போருக்கு 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250 டாலர். ஸயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் உள்ளிட்ட 11 பூங்காக்களில் சீட்டில்லாத வெளிநாட்டவருக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல் கட்டணமும் உண்டு. உங்கள் வண்டிக்கு எந்த விதி பொருந்தும் என்பதைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள்.

செம்பாறை:

திட்டம் நன்றாக அமைந்திருக்கிறது. பிரைஸிலிருந்து பேஜுக்கு ஏறத்தாழ 150 மைல். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வழியில் கடிகாரமும் மாறும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி வைக்கும் கோடைகால நேரத்தை யூட்டா பின்பற்றுகிறது, அரிசோனா பின்பற்றுவதில்லை, ஆனால் அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவாஹோ நிலம் பின்பற்றுகிறது. ஆகஸ்டில் யூட்டாவில் காலை பத்து மணி என்றால் பேஜ் நகரில் ஒன்பதுதான். அங்கே கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அதற்கேற்ப இரண்டில் ஒன்றைக் காட்டும். வழிகாட்டி நிறுவனங்கள் பொதுவாகப் பேஜ் நேரத்தையே குறிப்பிடுகின்றன. ஆயினும் பதிவுச் சீட்டில் அது எந்த நேரம் என்பதை உறுதி செய்துகொண்டு, கைப்பேசியின் தானியங்கி நேர மாற்றத்தை அன்று நிறுத்தி வைத்துவிடுங்கள்.